ஹீட்டரை எடுத்த பிறகும்

நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கொதிநிலை பார்க்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். எந்தக் குழாய், எத்தனை துளி, நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏற்றலாம் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை என்னைவிட அது நன்றாகச் சொல்லும். ஹைதராபாத் நாச்சாரத்தில் இதே பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவள் என்பதால், புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பல நாட்கள் இருக்கின்றன சொல்ல. நான் ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்கு மூன்று வாரம் முன்னால் நான் செய்த தவறிலிருந்து தொடங்க வேண்டும்.

குஷாய்குடா தாண்டி இருந்த ஒரு சிறிய தொழிற்சாலையிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. வெளிர் மஞ்சள் திரவம். நல்ல டீயைப் போல் தெளிவாக இருந்தது. பாதுகாப்புத் தாளில் போட அதன் கொதிநிலை வேண்டும் என்றார்கள். அந்தத் தாளில் அது ஒரே ஒரு வரி. ஆனால் தொழிற்சாலையில் அந்த வரியைப் பார்த்துத்தான் எவ்வளவு சூடு வரை போகலாம் என்று முடிவு செய்வார்கள்.

ஒல்லியான கண்ணாடிக் குழாயில் சில துளி விட்டு, அதற்குள் நுண்குழாய் ஒன்றைத் தலைகீழாக வைத்து, எண்ணெயில் சூடாக்கினேன். சூடு ஏற ஏற நுண்குழாயின் வாயிலிருந்து குமிழிகள் வரும். கொதிநிலை தாண்டியதும் சரம் சரமாக ஓடும். அப்போது சூட்டை நிறுத்தினால் குமிழி நின்றுவிடும், திரவம் நுண்குழாய்க்குள் ஏறும். ஏறுகிற அந்தக் கணத்தில் வெப்பமானி காட்டுவதுதான் கொதிநிலை. நூற்று அறுபத்தெட்டில் குமிழிகள் சரமாக ஓடின. சூட்டை நிறுத்தினேன். குமிழிகள் மெதுவாயின. ஆனால் நிற்கவில்லை. திரவமும் உள்ளே ஏறவில்லை.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தவுடனேயே மனது ஒரு காரணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டது: எண்ணெய் சூட்டைப் பிடித்துவைத்திருக்கிறது, நுண்குழாயின் முனை சரியாக அடைபடவில்லை. நூற்று அறுபத்தெட்டு என்று குறித்துக்கொண்டு சாப்பிடப் போனேன். முக்கால் மணி கழித்துத் திரும்பி வந்தபோது எண்ணெய் நூறுக்குக் கீழே இறங்கியிருந்தது. குழாயில் ஒரு குமிழி ஏறியது. நீண்ட இடைவெளி. பிறகு இன்னொன்று. தூங்குகிற ஒருவரின் மூச்சைக் கவனிப்பது போல நான் ஐந்தாறு குமிழிகள் வரை நின்றிருந்தேன். பிறகு குழாயைக் கழுவி வைத்தேன். மாலையில் அறிக்கை போயிற்று. கொதிநிலை 168. கீழே என் கையெழுத்து.

மூன்று வாரம் கழித்து அவர்களே இன்னொரு பாட்டில் அனுப்பினார்கள். வாங்குகிறவர்கள் வேறொரு முறையிலும் பார்த்துத் தரச் சொல்கிறார்களாம். இந்த முறை குடுவையில் நூறு மில்லி வைத்துக் காய்ச்சி வடிக்க வேண்டும். ஏப்ரல் மாதம், காலை பத்து மணி. நான் தொடங்குவதற்கு முன் அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் சேகர் போன் செய்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தார்நாக்காவில் வீடு. தமிழ் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"ஒண்ணும் அவசரம் இல்ல மேடம், மெதுவா பாருங்க. நாங்க இன்னிக்கே ரியாக்டர்ல பேட்ச் ஏத்திட்டோம். ரெண்டாயிரம் லிட்டர். நூத்திமுப்பதத் தாண்ட மாட்டோம், உங்க ரிப்போர்ட்டுக்கு இன்னும் முப்பத்தெட்டு டிகிரி பாக்கி இருக்கு."

"சரி சார்" என்றேன். முப்பத்தெட்டு டிகிரி பாக்கி இருக்கிறது என்று அவர் சொன்னது எனக்கும் நிம்மதியாகவே இருந்தது.

புகையை இழுத்துக்கொள்ளும் கண்ணாடிப் பெட்டிக்குள், நாம் ஹுட் என்போமே, அதற்குள் குடுவையை வைத்து ஹீட்டரைப் போட்டேன். என்னோடு இருந்தவர் யாதகிரி. என் வயதுதான். கூடத்தின் உதவியாளராக என்னைவிட இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவர். குடுவைக்குள் ஒரு வெப்பமானி, மேலே ஆவி போகிற இடத்தில் இன்னொன்று. உள்ளே நூற்றைம்பது வந்தது. மேலே இருந்த வெப்பமானி முப்பத்தைந்திலேயே இருந்தது. ஆவி என்று எதுவும் மேலே வரவில்லை. ஆனால் திரவம் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஹீட்டரை அணைத்து, கீழே இறக்கி, வெளியே எடுத்து மேஜைமேல் வைக்கச் சொன்னேன்.

குடுவை இப்போது அந்தரத்தில் கிடுக்கியில் தொங்கியது. அதன் அடியில் ஒன்றுமே இல்லை.

நூற்றைம்பது. நூற்றைம்பது. ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு நூற்று ஐம்பத்தொன்று.

யாதகிரி குனிந்து குடுவையின் அடியில் பார்த்தார். கையை நீட்டித் தடவிப் பார்ப்பதுபோல வெறும் காற்றில் ஆட்டினார். திரும்பி மேஜைமேல் இருந்த ஹீட்டரைப் பார்த்தார்.

"ஹீட்டர் தீசேசாம் கதா மேடம்?" என்றார். எடுத்துவிட்டோம்தானே என்று.

"எடுத்தாச்சு" என்றேன்.

நூற்று ஐம்பத்துமூன்று. வெளியே நடைபாதையில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். ஜன்னலில் பட்டப்பகல் வெயில். அந்த வெளிச்சத்தில், யாரும் தொடாத ஒரு குடுவை தானாகச் சூடேறிக்கொண்டிருந்தது. நிறம் டீயிலிருந்து காப்பியாக மாறியது. பயம் என்றால் எனக்கு அதுவரை சத்தத்தோடுதான் பழக்கம். வெடிக்கும், உடையும், யாராவது கத்துவார்கள். இதில் சத்தமே இல்லை. உள்ளே இருப்பது எங்களை எதுவும் கேட்காமல் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது.

ஐஸ் வாளியை வைக்கலாமா என்று யாதகிரி கேட்டார். வைக்கலாம்தான். ஆனால் கையை உள்ளே விட வேண்டும். நூற்று அறுபதில் இருந்தது. வேண்டாம் என்றேன். ஹுட்டின் கண்ணாடிக் கதவை முழுக்க இறக்கிவிட்டு, பக்கத்து அறைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு மாடிப்படி வரை போனோம். நூறு மில்லிக்காக இத்தனை பேர் வேலையை விட்டு வெளியே நிற்க வேண்டுமா என்று ஒருவர் முணுமுணுத்தார். எல்லோரையும் படியிலேயே நிறுத்திவைத்தேன்.

ஹீட்டரை எடுத்ததிலிருந்து பன்னிரண்டு நிமிடம் இருக்கும். பெரிய சத்தமில்லை. கனமான கதவை யாரோ சாத்தியது போல ஒரு தடவை. திரும்பி வந்து பார்த்தபோது ஹுட்டின் கண்ணாடி உள்பக்கம் முழுக்கக் கருப்பாக இருந்தது. கிடுக்கியின் நுனியில் குடுவையின் கழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது.

அப்போதுதான் அந்தக் குழாயும், நிற்காத குமிழிகளும் எனக்கு விளங்கின. அது கொதிக்கவே இல்லை. சூடு பட்டதும் உள்ளுக்குள் சிதைந்து, வாயுவை விட்டுக்கொண்டிருந்தது. நான் பார்த்த சரம் ஆவி அல்ல. ஆவி என்றால் ஆறியதும் அடங்கியிருக்கும். இது சிதைவு. ஒரு தடவை தொடங்கிவிட்டால் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நூற்று அறுபத்தெட்டு என்று ஒரு எண்ணே அதற்குக் கிடையாது.

சேகருக்குப் போன் போட்டேன். மணி அடித்து நின்றது. தொழிற்சாலை எண்ணையும் யாரும் எடுக்கவில்லை. யாதகிரியிடம் போனைக் கொடுத்து, எடுக்கும்வரை போட்டுக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கூடத்தின் தலைவர், பெரியவர் என்போம், அவரிடம் சொல்லி அனுமதி வாங்கவில்லை. இது சரி என்று உங்களுக்குப் பாடம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தொழிற்சாலை அமைதியாக இருந்தது. சாப்பாட்டு நேரம். கேட்டில் காவலாளி என் பெயரை எழுதச் சொன்னார், எழுதினேன். சேகர் தன் அறையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனை ப்ளாண்டுக்குள் கொண்டுபோகக்கூடாது என்பதால் காலையில் சத்தத்தை அணைத்து மேஜை டிராயரில் வைத்தவர், எடுக்க மறந்திருந்தார். நான் மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன மேடம், நீங்களே நூத்தி அறுபத்தெட்டுன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு, இப்ப வந்து நூத்திமுப்பதுக்கே பயப்படச் சொல்றீங்களே?"

"நான் போட்டது தப்பு சார்."

இந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. குஷாய்குடா வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"ஸ்டீம நிறுத்தியே ஒரு மணி நேரம் ஆச்சு. இனிமே ஆறிடும், கவலப்படாதீங்க" என்று அவர் சொல்லும்போது வாசலில் ஆபரேட்டர் வந்து நின்றார். பெயர் கௌஸ். ஐம்பது வயதிருக்கும், தாடி பாதி நரைத்தவர். கையில் கால் மணிக்கொரு தடவை வெப்பநிலை குறிக்கும் தாள்.

"சார், ஸ்டீம் பந்த் கர்கே ஏக் கண்டா ஹோகயா. உதர்தாச் நை" என்றார். நிறுத்தி ஒரு மணி ஆகிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது என்று.

தாளை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. 127. 127. 127. 128. 129.

"ஸ்டீம் வால்வு பாஸ் ஆகுது. பழைய வால்வு" என்றார் சேகர். அவருக்கும் காரணம் உடனே கிடைத்துவிட்டது. நான் அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று வாரம் முன் நான் செய்ததையே அவர் இப்போது செய்தார். அதுவும் நடக்கக்கூடிய காரணம்தான். மூடிய வால்வு வழியாக நீராவி கசிந்தால் இப்படித்தான் ஏறும். இரண்டாயிரம் லிட்டர் ஒரு மணியில் பெரிதாக ஆறாது என்பதும் உண்மை. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி. இதை வைத்துக்கொண்டு முப்பது பேரைத் தெருவில் நிறுத்த முடியுமா?

"ஸ்டீம் பைப் எங்க உள்ள போகுது?" என்று கேட்டேன்.

வெளிச்சுவர் ஓரமாகவே அது போனது. ஓரிடத்தில் மேலே சுற்றியிருந்த பஞ்சு பிய்ந்து, இரும்பு தெரிந்தது. மூன்று பேரும் அதன் முன் நின்றோம். முதலில் விரல் நுனியால் தொட்டேன். பிறகு உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் நிற்கும் சைக்கிள் அளவுக்குத்தான் சூடு. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

கௌஸும் தன் கையை வைத்தார். சேகர் கடைசியாக வைத்தார். அவருடைய முகம் மாறுவதைப் பார்த்தேன். வால்வு கசிந்திருந்தால் அந்தக் குழாயில் கை வைக்க முடியாது. உள்ளே எந்தச் சூடும் போகவில்லை. அப்படியானால் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய தேவை எங்களில் யாருக்கும் இருக்கவில்லை.

சேகரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு அவர் ஒரு நொடி வீணாக்கவில்லை. சைரன் அடித்தார், எல்லோரையும் கேட்டுக்கு வெளியே எதிர்ச்சுவர் வரை அனுப்பினார், தலைகளை எண்ணினார். ப்ளாண்டின் வாசலில் இருந்த பலகையில் கலக்கியின் சுவிட்சைப் போட்டார். கலக்காமல் தண்ணீர் விட்டால் ஓரம் மட்டும்தான் ஆறும். ஆனால் குளிர்நீர் வால்வு உள்ளே, சரக்கு இருந்த ரியாக்டருக்கு நேர் கீழே இருந்தது. கையால்தான் திருப்ப வேண்டும்.

நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். என் தலைக்குள் ஒரு கணக்கு ஓடியது. குடுவை நூற்றைம்பதில் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் தாங்கியது. இது நூற்றுமுப்பதில் இருக்கிறது, கால் மணிக்கு ஒரு டிகிரி. இப்போது போனால் நேரம் இருக்கிறது. இன்னும் ஒரு மணி யோசித்தால் யாரும் போகக்கூடாது. ஒரே ஒரு தடவை உள்ளே போவது, வால்வைத் திறப்பது, திரும்பி வருவது. திறக்கவில்லை என்றாலும் திரும்பி வருவது. இன்னொரு முயற்சி கிடையாது. இதைச் சத்தமாகச் சொன்னேன்.

கௌஸ் தலைக்கவசத்தின் பட்டையை இழுத்து மாட்டினார். நானும் சேகரின் கவசத்தைக் கேட்டு வாங்கினேன்.

"நக்கோ மேடம். ஆப் நக்கோ" என்றார். நீங்கள் வர வேண்டாம் என்று.

"அந்த நம்பர் என்னோடது" என்றேன். அவருக்கு அந்தத் தமிழ் புரிந்ததா என்று தெரியவில்லை. மேற்கொண்டு தடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் போனதால் வால்வு வேகமாகத் திறக்கப் போவதில்லை. ஒரு உயிர் போகும் இடத்தில் இரண்டு போயிருக்கும், அவ்வளவுதான். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் வெளியே நில்லுங்கள். என்னால் நிற்க முடியவில்லை.

உள்ளே இருட்டு இல்லை. கூரையில் பதித்த பிளாஸ்டிக் தகடுகள் வழியாக நல்ல வெளிச்சம். பம்புகள் எல்லாம் நின்றிருந்தன. கலக்கி சுற்றும் ஓசைக்கு அடியில் இன்னொரு ஓசை கேட்டது. வாயை மூடிக்கொண்டு யாரோ ஒரே சுருதியில் முனகுவது போல. கௌஸ் நின்றுவிட்டார். தலையை மட்டும் உயர்த்தி ரியாக்டரைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறவர். தெரிந்த வீட்டுக்குள் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் போல இருந்தது அவர் முகம்.

"யே ஆவாஸ் கப்பீ நை சுனா" என்றார் மெதுவாக. இந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

பார்ப்பதற்கென்று ரியாக்டரின் மேல் ஒரு கண்ணாடி வட்டம் உண்டு. அவர் கண் அங்கே போவதைக் கவனித்தேன். எனக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்த ஆசை அவ்வளவு பலமாக இருந்தது. "வால்வு, கௌஸ் பாய்" என்றேன். அவர் குனிந்தார். சக்கரம் இறுகிக் கிடந்தது. இருவரும் சேர்ந்து பிடித்தோம். முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவதில் கால் சுற்று. பிறகு சரசரவென்று வந்தது. தண்ணீர் ரியாக்டரின் மேலுறைக்குள் பாயும் அதிர்வைக் கையில் உணர்ந்தோம். ஓடவில்லை, வேகமாக நடந்தோம். வாசலைத் தாண்டும்வரை இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

கேட் அருகே அலுவலக அறையில் ஒரு திரையில் அதே வெப்பநிலை தெரியும். சேகர் அதன் முன் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொல்வார். 132. 133. எதிர்ச்சுவர் நிழலில் முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். ப்ளாண்டின் கூரைக்கு மேல் இருந்த வெளியேற்றுக் குழாயிலிருந்து மெல்லிய மஞ்சள் புகை வந்தது. காற்றே இல்லாததால் அது எங்கும் போகாமல், குழாயின் வாயிலேயே கொஞ்சம் நின்று, மறுபடி உள்ளே போவது போலத் தெரிந்தது. 134. அதிலேயே நாற்பது நிமிடம். தண்ணீரும் அதுவும் சரிக்குச் சரியாக நின்ற நாற்பது நிமிடம். பிறகு சேகர் வந்து சொன்னார்: "நூத்தி முப்பத்திமூணு."

மாலை ஐந்து மணிக்கு எழுபதுக்கு வந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஒன்றும் ஆகாததுதான் அதன் பிறகு சிக்கலாயிற்று. ஒரு வாரத்தில் எங்கள் பெரியவருக்குக் கடிதம் வந்தது. ஸ்டீம் வால்வு கசிவால் வெப்பநிலை சற்று உயர்ந்ததாகவும், பரிசோதனைக்கூடத்தின் ஊழியர் அனுமதியின்றி வந்து பீதியைக் கிளப்பி உற்பத்தியை நிறுத்தியதாகவும். கையெழுத்து சேகருடையது. அந்தக் குழாயில் கை வைத்தவர். முதலாளி எழுதச் சொல்லியிருப்பார், எழுதியிருப்பார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, போகவும் செய்தது. திருத்திய அறிக்கையில் எண் இருக்க வேண்டிய இடத்தில், "கொதிப்பதில்லை, சிதைகிறது, தானாகச் சூடேறும்" என்று எழுதினேன். பக்கத்தில் பழைய எண்ணையும் போட்டுவிடேன், வாடிக்கையாளர் சமாதானமாவார் என்றார் பெரியவர். அப்படியானால் வேறு யாராவது கையெழுத்துப் போடட்டும் என்றேன். யாரும் போடவில்லை. என் அறிக்கைதான் போயிற்று. அந்தப் பொருளை அதற்குப் பிறகு அவர்கள் காய்ச்சவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். எண்ணெய் சூட்டைப் பிடித்துவைத்திருக்கிறது என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டது அந்த ஒரு தடவை மட்டும்தானா?

பழைய பதிவேடுகளை எல்லாம் எடுத்தேன். திரவம் நுண்குழாய்க்குள் ஏறியதா என்ற இடத்தில் நான் எதுவும் எழுதாமல் விட்டு, எண்ணை மட்டும் எழுதியிருந்த பக்கங்களைத் தேடினேன். பதினொன்று இருந்தன. ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். மாதிரி கேட்டு வாங்கி மறுபடி பார்த்தேன். பத்துக்கும் எண் சரியாகவே இருந்தது. சூட்டை நிறுத்தியதும் குமிழி நின்றது, திரவம் ஏறியது.

பதினோராவது நாச்சாரத்திலேயே இருந்த ஒரு சின்னக் கம்பெனி. போன் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நேரில் போனேன். கேட்டில் பூட்டு. பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகச் சதுரமாக இருந்தது. பக்கத்து ஷெட்டுக்காரரைக் கேட்டேன். மூடி நாலு மாதம் ஆகிறது, மிஷின், டிரம் எல்லாவற்றையும் யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார். எந்த ஊருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. "பேப்பர் கூடா தீஸ்குனி போயாரு" என்றார். காகிதங்களையும்தான் எடுத்துப் போனார்கள்.

ஓய்வு பெறும் வரை விசாரித்துக்கொண்டே இருந்தேன். கிடைக்கவில்லை. அந்த எண் சரியாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எங்கோ ஒரு ஷெட்டில், யாரோ ஒருவர் அதைப் பார்த்து, இன்னும் எத்தனை டிகிரி பாக்கி இருக்கிறது என்று நிம்மதியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

நீங்கள் இந்தத் தொழிலில் பல ஊர்களுக்குப் போவீர்கள், பல கோப்புகளைத் திறப்பீர்கள். பழுப்பேறிய தாள் ஒன்று என்றாவது கைக்கு வந்து, அதன் கீழே என் கையெழுத்து இருந்தால், தெரிந்தவர் போட்டது என்று நம்பிவிடாதீர்கள்.